புதுப்பிப்பு: சீனாவின் சூசோ நகரத்து ஹான்ஷான் புத்தக் கோயிலும் இரண்டு பாலங்களும், எந்த வரிசையில் பார்ப்பது?

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. கோயில், ஃபெங்சியாவ் பாலம், ஜியாங்சுன் பாலம் மூன்றையும் அரை நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். தாராளமாக முடிகிறது.

"வடக்கே ஃபெங்சியாவில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள், கோயிலை மதியத்துக்கு மேல் வையுங்கள்" என்ற யோசனைதான் சரியாக அமைந்தது. காரணம், கோயில் வாசல் மேற்கே கால்வாயைப் பார்க்கிறது. காலையில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் நிற்பதால் முகப்பு நிழலில் கிடக்கும். மதியத்துக்குப் பின்தான் மஞ்சள் சுவரில் வெயில் விழும். படம் எடுக்கச் சிறந்த இடம் வாசலுக்கு நேர் எதிரே உள்ள ஜியாங்சுன் பாலத்தின் உச்சி. ரொம்பத் தாமதித்தும் போகாதீர்கள், மாலையிலேயே கோயிலை மூடிவிடுவார்கள்.

இரண்டுமே ஒற்றை வளைவுக் கல்பாலங்கள். இன்றுள்ள ஃபெங்சியாவ் 1867இல் திரும்பக் கட்டியது. அதன் கிழக்கு முனையை ஒட்டியே கடற்கொள்ளையரைத் தடுக்க எழுப்பிய டியேலிங் காவல்வாயில் நிற்கிறது, அவசியம் பாருங்கள். படிகள் தேய்ந்தவை, மழையில் வழுக்கும்.

எதிர்பாராதது மணி விஷயம். தாங் அரச மரபுக் காலத்துக் கவிஞர் சாங் ஜி தன் கவிதையில் பாடிய இக்கோயிலின் நள்ளிரவு மணி இப்போது இல்லை. மணிக்கூண்டில் தொங்குவது 1906இல் வார்த்தது. 108 டன் எடையுள்ள பெரிய மணி இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. நள்ளிரவில் மணியோசை கேட்க வேண்டுமானால் டிசம்பர் 31 இரவு போங்கள், 108 முறை அடிப்பார்கள்.