அப்பாவின் மாத்திரை டப்பா

நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தோம். மூன்று வருஷத்து மாத்திரை. பிரஷருக்கு, சர்க்கரைக்கு, பாதியில் நிறுத்திய ஆன்டிபயாட்டிக், கடைசி மாதங்களில் வலிக்குக் கொடுத்த ட்ரமடால். பிளேடால் அவரே பாதியாக வெட்டிப் பேப்பர் துண்டில் மடித்து வைத்தவையும் இருந்தன. எது எதற்கென்று அவருக்குத்தான் தெரியும்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பிரஷர்தானே, வீணாப் போறதுக்கு அவங்களாவது சாப்பிடட்டும்" என்று அம்மா ஓர் அட்டையைக் கொடுத்தேவிட்டார். அந்த அக்கா தன் மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்கி, மறுநாள் காலை கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த குடம் உருண்டு வாசல் வரை போனது. அன்றைக்கே டப்பாவை என் அறையில் வைத்துப் பூட்டினேன்.

சரி, எங்கே போடுவது? அப்பா இருந்தவரை தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைப்பார். கிணறு அங்கிருந்து பத்தடி. மாதம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனைச் சேச்சியிடம் கேட்டேன். காலி அட்டையென்றால் கொடு, மருந்தோடு வேண்டாம் என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லியிருப்பது அவ்வளவுதான்.

கோழிக்கோட்டில் இருக்கும் என் அக்காதான் வழி சொன்னாள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 பிப்ரவரியில் 'என்பிரவுட்' என்றொரு திட்டத்தைக் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி பஞ்சாயத்திலும் முதலில் ஆரம்பித்தது. வீடுகளில் மிஞ்சிய, காலாவதியான மருந்துகளை நீலப் பெட்டிகளில் போடலாம். சேர்ந்ததை எர்ணாகுளம் பக்கம் அம்பலமேட்டில் இருக்கும் கேரளா என்விரோ நிறுவனத்துக்கு அனுப்பி அதிக வெப்பத்தில் எரித்துவிடுகிறார்கள். நம் வீட்டு அடுப்பில் போட்டால் புகையைத்தான் குடிப்போம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது பையை எடுத்துக்கொண்டேன். அப்பா பெயர் எழுதியிருந்த சீட்டுகளையெல்லாம் கிழித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ரயிலில் பையை மடியிலேயே வைத்திருந்தேன். யாராவது திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்களோ! பெட்டிக்குள் அட்டைகள் விழுந்த சத்தம் மட்டும் ஏனோ ஒரு மாதிரி இருந்தது.

ட்ரமடாலை மட்டும் அதில் போடவில்லை. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பதினேழு மருந்துகளைக் கழிவறையில் போட்டு நீர் ஊற்றச் சொல்லியிருக்கிறது. ட்ரமடால், ஃபென்டனில், டயஸெபாம் போன்றவை. வேறு யாராவது எடுத்துச் சாப்பிட்டால் ஒரே வேளையில் உயிருக்கே ஆபத்து என்பதால் இவற்றுக்கு மட்டும் விலக்கு. மற்ற எதையும் அப்படிக் கொட்டக்கூடாது.

—

மேலே எழுதியவருக்கு: நான் வேலந்தாவளம் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கடையில் காலாவதியானதை நாங்கள் மொத்த விற்பனையாளருக்குத் திருப்பிவிடுவோம், அதற்குக் கணக்கு உண்டு. வீட்டிலிருந்து வருவதை வாங்க முடியாது. வெயிலில் இருந்ததா, டிவி மேல் இருந்ததா, யாருக்குத் தெரியும்? திரும்ப விற்கவும் முடியாது. கடைவாசலிலேயே ஒரு நீலப் பெட்டி வைத்தால் எங்களுக்கும் நிம்மதி, கோழிக்கோடு வரை யார் போவது?

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வரும் ஒரு பாட்டிக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் புரிவதில்லை. மஞ்சப்பையைக் கல்லா மேல் கவிழ்த்து, அட்டைகளைத் தானே எண்ணி அடுக்கிவிட்டுச் சொல்வார்: "முழு வெலை வேண்டாஞ் சாமி, பாதிக்காவது எடுத்துக்கோ."