தம்பியின் கை நரம்பு: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கண்ணாடி கிழித்து என் தம்பிக்கு மணிக்கட்டில் அல்நார் நரம்பு (சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பு) அறுந்துவிட்டது. தைத்து நான்கு மாதம். சட்டைப் பொத்தான் போட இன்னும் திணறுகிறான். ஆனால் உள்ளங்கையில் தட்டினால் சுண்டுவிரல் வரை சுரீர் என்கிறதாம். நரம்பு அங்கே வரை வளர்ந்து வருகிறது என்பதற்கு அது அடையாளம் என்பதால், எனக்கு அதுவே பெரிய நம்பிக்கை.

நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பது தெரியும். நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் சுரக்கும் என்ஜிஎஃப், ஜிடிஎன்எஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள்தான் அதற்கு வழிகாட்டுகின்றன. மாதங்கள் போகப்போக அந்தச் சுரப்பு குறையும் என்பதுதான் கவலை.

இப்போது ஒரு மருத்துவர் பிஆர்பி (அவனுடைய ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) ஊசி போடலாம் என்கிறார். தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, சரி. தைத்த நரம்புக்கு அதைப் போட்டுப் பலன் கண்டவர்கள் உண்டா? கை அறுவை மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டும்.