பாலியல் குற்றம் செய்த சிறுவர்களுக்குச் சிகிச்சை: தமிழில் வழிகாட்ட யாராவது?

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், விசாரணை முடியும்வரை சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஆலோசகராக இருக்கிறேன். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் வரும் பையன்களுக்கு முறையான சிகிச்சை கொடுக்க உங்கள் உதவி வேண்டும்.

இப்போது நடப்பது பெரும்பாலும் அறிவுரைதான். "இனி செய்யமாட்டேன் சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வான். 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று கோப்பில் ஏறிவிடும். ஏன் செய்தான், அந்த எண்ணம் மறுபடி வந்தால் என்ன செய்வான், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பது அவனுக்குப் புரிகிறதா? இதையெல்லாம் பெற்றோரையும் உட்காரவைத்து மாதக்கணக்கில் பேச வேண்டும். இந்த வயதில் தவறியவர்களில் பெரும்பாலோர் திரும்ப இதே குற்றத்துக்குப் போவதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் விட மனமில்லை.

2015 சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவனாகவே விசாரிக்கப்பட்டால் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுதான். அப்புறம் வீட்டுக்குத்தான் வருவான். "சின்னவ இருக்கா, இவன எங்க சார் படுக்க வைக்கிறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளைப் பாதுகாப்பதற்கான திட்டம் தமிழில் யாரிடமாவது இருக்கிறதா?

மறுபடி பாலியல் குற்றம் செய்யும் அபாயத்தைக் கணிக்கும் ஜேசோப் 2 (J-SOAP-II) மதிப்பீட்டுக் கருவியை நம்மூரில் பயன்படுத்தியவர்கள் உண்டா? 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கானது. ஆனால் அமெரிக்காவில் உருவானதை அப்படியே வைத்து மதிப்பெண் போட எனக்குத் தயக்கம். பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தால் அவசியம் பேசுங்கள். மதுரை, நெல்லைப் பக்கம் பிணைக்குப் பிறகும் தொடர்ந்து பார்க்கும் உளவியலாளர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

பையன்களையோ பாதிக்கப்பட்ட குழந்தைகளையோ அடையாளம் காட்டும் எதையும் பின்னூட்டத்தில் போடாதீர்கள். தனிச்செய்தியில் வாருங்கள்.