காலிஃபிளவர் சாதம் உதிரியாக வர என்ன செய்யலாம்?

நிலாப்பூனை:
அரிசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். காலிஃபிளவரை மிக்ஸியில் அடித்து வேகவைத்தால் கூழாகத்தான் வருகிறது. உதிர்வதற்கு வழி உண்டா? உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா, இல்லை சும்மா பேச்சா?

கரண்டிக்காரன்:
வேகவைப்பதுதான் சிக்கல். பூவிலேயே சுமார் 92 சதவீதம் தண்ணீர். மேலும் தண்ணீர் சேர்த்தால் வேறென்ன ஆகும்? கழுவிய பூவைத் துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜார் பாதிக்கு மேல் வேண்டாம். நான் துருவியின் பெரிய கண்ணில்தான் துருவுவேன். கை வலித்தாலும் மணி மணியாக வரும். அகலமான வாணலி, ஒரு ஸ்பூன் எண்ணெய், பெரிய தீ. மூடி போடவே கூடாது. முதலில் ஆவி குபுகுபுவென்று கிளம்பும். அது அடங்கி, ஓரத்தில் லேசாகப் பொன்னிறம் தட்டும்போது இறக்கிவிடுங்கள். ஐந்தாறு நிமிடம் போதும். உப்பு கடைசியில்தான், முன்னாலேயே போட்டால் நீர் விடும். அப்புறம், தண்டைத் தூக்கி எறியாதீர்கள், தோல் சீவி அதையும் துருவலாம்.

மழைக்குடை:
100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து. அதே அளவு பச்சைக் காலிஃபிளவரில் 25 கலோரி, 5 கிராம் மாவுச்சத்து. வைட்டமின் சி-யும் நிறைய. ஆனால் புரதம் 2 கிராம்தான். பருப்போ முட்டையோ சேர்க்காவிட்டால் சீக்கிரம் பசிக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள். சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு.

நிலாப்பூனை:
மாத்திரை உண்டு, கேட்டுவிடுகிறேன். சரி, வாயுத் தொல்லை?

கரண்டிக்காரன்:
சிலருக்கு வரும். முதலில் அரை கப் மட்டும் சோற்றோடு கலந்து சாப்பிட்டுப் பாருங்கள்.