சனிக்கிழமை போலெஸ்வாவியெட்ஸ்: எதை எடுக்கலாம், எதைத் தட்டிப் பாக்கணும்

(போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு)

காலை 9:12
வித்யா: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை போலெஸ்வாவியெட்ஸ் போறோம், நீலப் புள்ளி போட்ட பீங்கான் சாமான் வாங்க. நாலு பேருக்கு சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம், ஒரு டீ பாத்திரம். கடையில நின்னுட்டு என்ன பாக்கணும்னு சொல்லுங்களேன்.

காலை 9:20
முருகன் அண்ணா: நல்லது வித்யா. கோஷ்ச்யூஷ்கி தெருவுக்குப் போனா தொழிற்சாலைக் கடைகள் ஒண்ணை அடுத்து ஒண்ணு இருக்கு. ரயில்ல போனாலும் சரி, ஏ4 நெடுஞ்சாலையில கார்ல போனாலும் சரி, காலையில கிளம்பி சாயங்காலம் திரும்பிடலாம். கடை நேரத்தை மட்டும் முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.

காலை 9:23
கலா அக்கா: முதல்ல ஒண்ணு. நாம பீங்கான்னு சொல்றோமே, அது போர்சலின் இல்ல. போலிஷ்ல அதுக்குப் பேரு காமியோன்கா. நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடி எந்த இனமோ அதே இனம். கிட்டத்தட்ட 1250 டிகிரியில சுட்ட களிமண். அந்தச் சூட்டுல மண்ணுக்குள்ள இருக்கற கனிமம் பாதி உருகி, துளைகள் அடைபட்டுப் போகும். அதனாலதான் புளி, உப்பு, எண்ணெய் எதுவும் உள்ள இறங்காது. போர்சலினை வெளிச்சத்துல பிடிச்சா ஒளி ஊடுருவும், இதுல ஊடுருவாது.

காலை 9:25
வித்யா: ஓ, ஜாடியோட சொந்தமா! அப்ப அடுப்புல வைக்கலாமா அக்கா?

காலை 9:26
கலா அக்கா: வைக்கவே கூடாது. கேஸ், இண்டக்‌ஷன், மின் அடுப்பு எதுலயும் கூடாது. கல்சட்டி மாதிரி நேரடிச் சூட்டைத் தாங்கற சாமான் இல்ல இது. அடியில மட்டும் சூடு ஏறினா அந்த இடம் விரியும், ஓரம் விரியாது. ரெண்டுக்கும் நடுவுல கீறல் விட்டுடும். ஓவன், மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாம் சரி.

காலை 9:31
முருகன் அண்ணா: ஓவனுக்கும் முறை இருக்கு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாத்திரத்தை 200 டிகிரி ஓவனுக்குள்ள தள்ளாதீங்க. அறைச் சூட்டுக்கு வந்ததும் சூடில்லாத ஓவன்ல வச்சு, அப்புறம் ஓவனைப் போடுங்க. 180 டிகிரிக்கு ரெண்டும் சேர்ந்தே சூடாகட்டும். வெளிய எடுத்ததும் ஈரமான கல் மேடையில வைக்கக் கூடாது, மரப்பலகையோ மடிச்ச துணியோ வேணும். மேல மட்டும் எரியற கிரில் பக்கம் போகவே வேணாம்.

நம்ம சமையல்ல இன்னொரு ஆபத்து, தாளிப்பு. கொதிக்கற எண்ணெயைக் குளிர்ந்த கிண்ணத்துல ஒரே இடத்துல கொட்டினா கீறல் விடும். தயிர்ப் பச்சடியோ சட்னியோ, தாளிச்சதை ஒரு நிமிஷம் கரண்டியிலயே ஆறவிட்டு, அறைச் சூட்டுல இருக்கற கிண்ணத்துல பரவலா ஊத்துங்க.

காலை 9:40
ஃபாத்திமா: அலங்காரத்தைப் பத்தி நான் சொல்றேன், அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ஒரு தடவை சுட்டு எடுத்த, மெருகு (கண்ணாடி மாதிரி பளபளக்கற மேல்பூச்சு) பூசாத வெறும் தட்டு சாக்பீஸ் மாதிரி நிறத்தை உறிஞ்சும். அதுக்கு மேல ஸ்பாஞ்சுல வெட்டின சின்ன முத்திரையைச் சாயத்துல தொட்டுத் தொட்டு ஒத்தி எடுப்பாங்க. முத்திரையை ஸ்டெம்பெல்கின்னு சொல்வாங்க. பழங்காலத்துல கடல் ஸ்பாஞ்ச், உருளைக்கிழங்குல வெட்டினதும் உண்டு. இப்ப பெரும்பாலும் நுரை ஸ்பாஞ்ச்.

ஒத்தின உடனே சாயம் உள்ள இறங்கிடும், துடைக்க முடியாது. புள்ளி தப்பிப் போனா பிளேடால சுரண்டித்தான் எடுக்கணும். சுடறதுக்கு முன்னாடி பாத்தா அந்தக் கோபால்ட் நீலம் மங்கின சாம்பல் ஊதாவாத்தான் தெரியும். நீலம் சூளையிலதான் பிறக்குது. அதுக்குப் பிறகு ஒளி ஊடுருவற மெருகுல தட்டை முக்கி எடுத்து ரெண்டாவது தடவை சுடுவாங்க. நிறம் மெருகுக்குக் கீழ இருக்கறதால, எத்தனை வருஷம் கழுவினாலும் தேயாது.

காலை 9:44
பிரவீன்: கையால ஒத்தினதா, ஸ்டிக்கர் மாதிரி ஒட்டினதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது ஃபாத்திமா?

காலை 9:49
ஃபாத்திமா: ஓரத்துப் பட்டையை விரலால சுத்திட்டே வாங்க. வரிசை ஆரம்பிச்ச இடமும் முடிஞ்ச இடமும் சந்திக்கற புள்ளி ஒண்ணு இருக்கும். அங்க ரெண்டு புள்ளி கொஞ்சம் நெருங்கியிருக்கும், இல்ல கொஞ்சம் விலகியிருக்கும். ஒரே முத்திரையை அடுத்தடுத்து ஒத்தறப்ப சாயம் குறைஞ்சுட்டே வரும். அதனால ஒரு புள்ளி கறுத்து நிக்கும், அடுத்தது வெளிறும். எல்லாம் அச்சுப் பிசகாம ஒரே அழுத்தத்துல இருந்தா சந்தேகப்படுங்க. எனக்கு அந்தச் சந்திப்புப் புள்ளிதான் ஒவ்வொரு தட்டுக்கும் கையெழுத்து.

காலை 9:50
வித்யா: இதை வாசிச்சதுமே போய்த் தேடணும்னு தோணுது.

காலை 9:52
ஃபாத்திமா: அடியில திருப்பிப் பாருங்க. தயாரிப்பாளர் முத்திரை, போலந்துல கையால செஞ்சதுன்னு சொல்ற வரி, ரெண்டும் இருக்கணும். சிலதுல ஊனிகாட்னு, அதாவது தனித்துவமானதுன்னு எழுதி, வரைஞ்சவங்க கையெழுத்தும் இருக்கும். அதுல முத்திரையோட தூரிகை வேலையும் சேரும், பூ, பறவை, கொடி எல்லாம் வரும். விலை நல்லாவே கூடும். சாதாரண முத்திரை வேலையும் கைவேலைதான், மட்டமா நினைக்காதீங்க.

காலை 9:58
கலா அக்கா: தரப் பிரிவு முக்கியம் வித்யா. போலிஷ்ல கதூனெக். முதல் தரம், இரண்டாம் தரம்னு பிரிச்சு அடுக்கியிருப்பாங்க. இரண்டாம் தரம்னா உடைசல்னு அர்த்தமில்ல. மெருகுல ஊசித்துளை, சின்னக் கொப்புளம், சாயம் கொஞ்சம் வழிஞ்சது, வட்டம் லேசா கோணினது, இதெல்லாம்தான். தினசரித் தட்டுக்கு அதுவே போதும். ஆனா வாய் வைக்கற விளிம்புல, உணவு படற நடுவுல ஊசித்துளை இருந்தா வேணாம், அழுக்கு தங்கும்.

காலை 9:59
முருகன் அண்ணா: டீ பாத்திரம் மட்டும் முதல் தரம் எடுங்க. மூடி பொருந்தாத பாத்திரத்தோட தினமும் மல்லுக்கட்ட முடியாது.

காலை 10:06
கலா அக்கா: ஆமா, அதுக்குக் காரணமும் இருக்கு. டீ பாத்திரத்தைக் குழைச்ச களிமண் கூழை ஜிப்சம் அச்சுல ஊத்திச் செய்வாங்க. ஜிப்சம் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, சுவர் மாதிரி ஓரத்துல மண் படியும். போதுமான தடிப்பு வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துடுவாங்க. காஞ்சு சுட்டு முடியறப்ப மண் பத்துல ஒரு பங்குக்கு மேல சுருங்கும். உடலும் மூடியும் ஒரே அளவு சுருங்கலேன்னா மூடி ஆடும். கடையில மூடியைப் போட்டுட்டு லேசா சுத்திப் பாருங்க. தடங்கல் இல்லாம சுத்தணும், பக்கவாட்டுல கடகடன்னு ஆடக் கூடாது. மூக்கோட நுனி, பாத்திரத்தோட வாய்க்குச் சமமாவோ கொஞ்சம் மேலயோ இருக்கணும். தாழ்ந்திருந்தா நிரப்பறப்பவே மூக்கு வழியா வழியும்.

காலை 10:10
பிரவீன்: தட்டிப் பாக்கறதைச் சொல்லுங்க அக்கா.

காலை 10:13
கலா அக்கா: தட்டை ஒரு உள்ளங்கையில வச்சு, விளிம்பை விரல் கணுவால மெதுவா தட்டணும். நல்லதுன்னா மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். கீறல் இருந்தா டொக்குன்னு நின்னுடும், கண்ணுக்குத் தெரியாத கீறல் கூட அதுல மாட்டும். கிண்ணத்தை இறுக்கிப் பிடிச்சுத் தட்டினா நல்லதும் மந்தமா ஒலிக்கும், அதனால விரலை அகலமா விரிச்சுத் தாங்குங்க. அப்புறம் கண்ணாடி மேசை மாதிரி சமமான இடத்துல வச்சு எதிரெதிர் ஓரத்தை அமுக்குங்க. தட்டு ஆடினா வேற எடுங்க.

காலை 10:15
வித்யா: அடியில சொரசொரப்பா ஒரு வளையம் இருக்குமாமே? மேசையைக் கீறாதா?

காலை 10:21
முருகன் அண்ணா: கீறும். அந்த வளையத்துல மெருகைத் துடைச்சு எடுத்துடுவாங்க, இல்லேன்னா சூளைப் பலகையோட ஒட்டிக்கும். வீட்டுக்கு வந்ததும் 400 எண் தண்ணித்தாளை (ஈரமா தேய்க்கற உப்புத்தாள்) சமமான இடத்துல ஈரமா விரிச்சு, தட்டை மேல வச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷம் வட்டமா தேயுங்க. காயவச்சுத் தேய்க்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தேய்ச்சுக் கழுவிட்டு விரலால தடவிப் பாருங்க, வழுவழுன்னு ஆயிருக்கும். அடுக்கி வைக்கறப்ப கீழ்த்தட்டோட முகமும் தப்பிக்கும்.

காலை 10:24
பிரவீன்: கரண்டி பட்டு வர்ற சாம்பல் கோடு?

காலை 10:27
முருகன் அண்ணா: அது கீறல் இல்ல தம்பி. மெருகு இரும்பை விடக் கடினம், கரண்டியோட உலோகம்தான் உரசிப் படிஞ்சிருக்கு. சமையல் சோடாவை ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு குழைச்சு ஈர ஸ்பாஞ்சால தேய்ங்க, பெரும்பாலும் போயிடும். இரும்பு நார் போடாதீங்க, அது இன்னும் கோடு போடும். டீக் கறைக்கு ஒரு கரண்டி சோடா, சுடுதண்ணி, ராத்திரி முழுக்க ஊறட்டும்.

காலை 10:30
கலா அக்கா: மைக்ரோவேவ்ல ஒரு அடையாளம் சொல்லிடறேன். சாப்பாடு ஆறியே இருந்து தட்டு மட்டும் சுட்டா, எங்கயோ உடைஞ்ச விளிம்பு வழியாவோ கீறல் வழியாவோ ஈரம் உள்ள போயிருக்கு. அந்தத் தட்டை உணவுக்கு எடுக்காதீங்க. செடித் தொட்டிக்கு அடித்தட்டா வச்சுக்கலாம்.

காலை 10:41
ஃபாத்திமா: நமூனா, அதாவது அலங்கார வடிவம் பத்தி ஒண்ணு. எல்லாம் ஒரே செட்டா வாங்கணும்னு இல்ல. அடி நிறம் கோபால்ட் நீலமா இருக்கட்டும், அதுக்குள்ள நாலு விதப் புள்ளி, வளையம், இலை கலந்தாலும் மேசையில ஒத்துப் போகும். பழைய நமூனா மயில்கண்தான், பாவியே ஓகோ. நீலத் தரையில வரிசை வரிசையா கண் மாதிரி வட்டங்கள். வெள்ளைத் தயிர், பொங்கல், இட்லி அதுல வச்சா எடுத்துக் காட்டும். குழம்பு ஊத்திச் சாப்பிடற தட்டுக்கு நடுவுல வெளிர் நிறமா, ஓரத்துல மட்டும் வேலைப்பாடா எடுங்க. நடுவுலயும் நெருக்கமா இருந்தா சாம்பாரும் நமூனாவும் ஒண்ணுல ஒண்ணு கலந்து கண்ணைக் குழப்பும்.

நமூனா எண்ணை எழுதி வச்சுக்கோங்க. உடைஞ்சா அந்த எண்ணைச் சொல்லித் தனியா ஒண்ணு வாங்கலாம்.

காலை 10:44
வித்யா: அங்க போனா கடை தவிர வேற என்ன பாக்கலாம்?

காலை 10:53
கலா அக்கா: ஊருக்கு நடுவுல பீங்கான் அருங்காட்சியகம் இருக்கு, கட்டாயம் போங்க. இந்த ஊர் 1945 வரைக்கும் ஜெர்மானியரோட புன்ஸ்லாவ். அப்ப பேர் வாங்கினது நீலப் புள்ளி இல்ல, தேன்பழுப்பு மெருகு போட்ட ஜாடியும் குடமும்தான். 1753ல யோஹான் காட்லீப் யோப்பேன்னு ஒரு குயவர் ரெண்டு மீட்டருக்கு மேல உயரமா ஒரு பெரிய பானை செஞ்சார். ஊரோட பெருமையாவே நின்ன பானை, 1945ல போர்ல அழிஞ்சுபோச்சு. 1897ல இங்க பீங்கான் கலைப்பள்ளியும் தொடங்கினாங்க. போருக்கப்புறம் ஜெர்மானியரை வெளியேத்திட்டாங்க, போலந்துக்காரங்க வந்து குடியேறினாங்க. பழைய குயவர்கள் பெரும்பாலும் போயிட்ட ஊர்ல தொழிலைத் திரும்பக் கட்டினாங்க. 1950ல தொடங்கின கூட்டுறவு இன்னிக்கும் கைவேலைதான் செய்யுது.

அந்தப் பழுப்பு ஜாடியை அருங்காட்சியகத்துல பாத்தா நம்ம ஊறுகாய் ஜாடி ஞாபகம் வரும். இங்க அதுல வெள்ளரியைப் புளிக்க வைப்பாங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 கிராம் உப்பு, சதகுப்பைன்னு நாம சொல்ற டில் தண்டு, பூண்டு, குதிரைமுள்ளங்கித் துண்டு. காய் தண்ணிக்கு மேல தெரியாம ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துக் கல் வைப்பாங்க. காய் வெளிய தெரிஞ்சா பூஞ்சை பிடிச்சுடும்.

காலை 10:57
பிரவீன்: ஆகஸ்ட்ல பீங்கான் திருவிழாவும் நடக்குமே. அப்ப போனா வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, ஆனா எல்லாப் பட்டறையும் ஒரே இடத்துல கடை போடும்.

காலை 11:05
முருகன் அண்ணா: ஊருக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா கனத்தைக் கணக்குப் போடுங்க. பெரிய சாப்பாட்டுத் தட்டு ஒண்ணு சுமாரா முக்கால் கிலோ, ஆறு தட்டுன்னா நாலரைக் கிலோ போயிடும். தட்டைப் படுக்க வைக்காம செங்குத்தா நிறுத்திக் கட்டுங்க. படுத்திருந்தா மேல விழற கனம் முழுக்க நடுவுல இறங்கும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி காகிதம், குவளையை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகாதீங்க, காதும் மூக்கும் இருக்கற பக்கம் துணி அதிகம் வேணும். டீ பாத்திரத்தோட மூடியைத் தனியா சுத்துங்க. டீ பாத்திரத்தைக் கைப்பையில வைக்கறதுதான் நல்லது.

காலை 11:08
வித்யா: தயிர் உறைய வைக்க இது சரியா வருமா? இங்க குளிர்ல எங்களுக்குத் தயிர் சரியாவே உறையறதில்ல.

காலை 11:14
கலா அக்கா: நல்லாவே வரும், சுவர் தடியா இருக்கறதால சூட்டைப் பிடிச்சு வைக்கும். ஆனா பாத்திரம் சில்லுன்னு இருந்தா பாலோட சூட்டை அதுவே உறிஞ்சிடும். அதனால முதல்ல குழாய் வெதுவெதுப்புத் தண்ணியில கிண்ணத்தை அஞ்சு நிமிஷம் வச்சுத் துடைங்க. ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கற சூட்டுக்கு, 42 டிகிரி கிட்ட, ஆறினதும் ஒரு தேக்கரண்டி தயிர் கலந்து ஊத்துங்க. ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ள வச்சா ஆறேழு மணி நேரத்துல உறையும். உறைஞ்சதும் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த அந்தக் கிண்ணத்துல மட்டும் நேரா தாளிக்காதீங்க.

காலை 11:16
வித்யா: குறிச்சுக்கிட்டேன். அப்ப நாலு தட்டு இரண்டாம் தரம், நடு வெளிர் நிறம். நாலு கிண்ணம் மயில்கண். டீ பாத்திரம் முதல் தரம், மூடியைச் சுத்திப் பாத்து.

காலை 11:17
ஃபாத்திமா: அப்படியே தயிருக்கு மூடியோட ஒரு லிட்டர் கிண்ணம் ஒண்ணும் சேர்த்துக்கோங்க. சந்திப்புப் புள்ளியைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க வித்யா.