குறடலகன்: ஷூபில் பறவைக்கு ஒரு பெயர்

நண்பர்களே,

ஆப்பிரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும், காலணி போன்ற பெரிய அலகுடைய ஷூபில் (ஆங்கிலத்தில் 'காலணி அலகு') பறவைக்கு 'செருப்பலகு நாரை', 'திமிங்கிலத்தலை நாரை' என்று, தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நாரை. 1850-இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டு இதற்கு பலேனிசெப்ஸ் ரெக்ஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். திமிங்கிலத் தலையுடைய அரசன் என்பது பொருள். நெடுங்காலம் இதை நாரைகளோடு சேர்த்தே எண்ணினார்கள். மரபணு ஆய்வுகளோ இதைக் கூழைக்கடாவின் நெருங்கிய உறவாகக் காட்டிவிட்டன. "பூநாரை மட்டும் நாரையா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், பூநாரையும் (ஃபிளமிங்கோ) நாரை இனமல்ல. ஆனால் பூநாரை வழக்கில் ஊன்றிவிட்ட பெயர், அதில் கைவைக்க வேண்டியதில்லை. புதிதாக ஆக்கும் சொல்லில் தெரிந்தே ஏன் குழப்பத்தைச் சேர்க்க வேண்டும்? கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என அலகின் வடிவை மட்டும் சொல்லி நிறுத்தும் அழகான மரபு நம்மிடம் இருக்கிறதே!

அடுத்தது செருப்பு. அரபு மொழியில் இதை 'அபூ மர்கூப்' என்கிறார்கள். மர்கூப் ஒருவகைக் காலணி. ஆகவே காலணி உவமை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல, அதை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் நம் செருப்பு தட்டையானது, வார் வைத்தது. இந்த அலகோ கனத்த மரக்கட்டையைக் குடைந்து செய்ததுபோல் இருக்கும். தவிர, தமிழில் செருப்பு வசைச்சொல்லாகவும் விழுகிறது. இப்பறவைக்கு ஏற்கெனவே போதுமான பழி உண்டு. உகாண்டாவின் மபாம்பா சதுப்பு நிலத்தில் இதைக் கண்டால் அன்று மீன் படாது என்று நம்பி மீனவர்கள் இதைக் கொன்ற காலம் இருந்தது. இன்று அதே ஊர்க்காரர்கள் பயணிகளைப் படகில் அழைத்துச் சென்று இதைக் காட்டிப் பிழைக்கிறார்கள். அழியும் அபாயத்தில் உள்ள உயிருக்கு இழிவு தொனிக்கும் பெயரை நாம் வைக்கலாகாது.

மபாம்பா, என்டெபெ நகருக்கு அருகே விக்டோரியா ஏரியை ஒட்டியிருக்கிறது. 2006 முதல் ராம்சர் தளம், அதாவது உலகளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அண்மையில் அங்கே ஒரு பகல் முழுவதும் படமெடுத்தேன். பாப்பிரஸ் கோரைகளுக்கு நடுவே ஒடுங்கிய நீர்வழி, அதில் சிறுபடகு. இலைக்கோழிகளும் மீன்கொத்திகளும் நிறையக் கிடைத்தன. ஷூபில் மட்டும் அசையாமல் நின்றது. கேமராவில் கண் வைத்தே கழுத்து வலித்துப்போனது. பிறகு உடல் முழுவதையும் முன்னே சாய்த்துத் தண்ணீரில் விழுந்து, வாய் நிறையப் புல்லோடு ஒரு நுரையீரல் மீனைக் கவ்வி எழுந்தது. தலையை ஆட்டி ஆட்டிப் புல்லை மட்டும் உதிர்த்தது, மீன் நழுவவில்லை. அலகின் ஓரங்கள் அவ்வளவு கூர்மை, நுனியில் கொக்கி வேறு.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது, நேர்முகமாக எடுத்தவற்றில் காலணி தெரிந்தது. பக்கவாட்டுப் படங்களில் தெரிந்தது பிடிக்கும் கருவி. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் சொல் தமிழில் இருக்கிறது: குறடு. பாதக்குறடு என்றால் மரத்தாலான மிதியடி. கொல்லன் பட்டறையில் இரும்பைப் பற்றி எடுப்பதும் குறடுதான். வடிவத்துக்கும் தொழிலுக்கும் இவ்வளவு பொருந்தும் சொல் ஆங்கிலத்திலும் இல்லை, அரபியிலும் இல்லை.

கரண்டிவாயனைப் பின்பற்றி முதலில் 'குறட்டுவாயன்' என்றுதான் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் குறட்டை காதில் விழுகிறது. 'வாயன்' என்பதிலும் ஏச்சு ஒட்டிக்கொள்கிறது. அலகு என்பது பறவையியலில் நிலைத்த சொல். எனவே என் பரிந்துரை: குறடலகன்.

குறடு என்ற சொல் இளையோருக்குத் தெரியாது என்ற தடை எழலாம். இடுக்கியைக் குறடு என்றே சொல்லும் தச்சர்களும் கொல்லர்களும் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் எப்படி வழங்குகிறது என்று எழுதுங்கள். 'கொறடு' என்ற பேச்சு வடிவம் உள்ள பகுதிகளைச் சேர்ந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். வலுவான மறுப்பு வராவிட்டால், ஆப்பிரிக்கப் பறவைகளுக்கு நாம் தொகுத்துவரும் பெயர்ப்பட்டியலில் இதைச் சேர்த்துவிடலாம்.