மறு: மறு: ஷிவொன்ஹாதா – ஒரே சொல் போதுமா?

நண்பர்களே,

நாம் தமிழாக்கும் கொரியத் தொடரின் சப்டைட்டில் சொற்பட்டியல் நாளை காலை போயாக வேண்டும். ஒரு கொரியச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் என்பது வேலை கொடுத்தவர்கள் போட்ட விதி. 'ஷிவொன்ஹாதா' ஆங்கிலத்திலேயே ஒரு சொல்லில் அடங்கவில்லை: காற்றடித்தால் கூல், சூப் குடித்தால் ரெஃப்ரெஷிங், முதுகைச் சொறிந்தால் ரிலீஃப், ஆளைச் சொன்னால் ஃபிராங்க்.

> 'குளிர்ச்சி' போதுமே, எதற்கு இத்தனை மடல்?

போதாது ஐயா. முந்தின இரவு குடித்தவர் காலையில் சோயா முளை போட்ட சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஒரு வாய் உறிஞ்சி, நெற்றி வியர்க்க, ஷிவொன்ஹாதா என்கிறார். கீழே 'குளிர்ச்சியாக இருக்கிறது' என்று வந்தால் சூப் ஆறிப்போச்சு என்றுதானே நினைப்பார்கள்? கொரியர்களிடமே ஒரு பழைய ஜோக் உண்டு. பொதுக் குளியலறையின் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு அப்பா ஷிவொன்ஹாதா என்கிறார். அதை நம்பிப் பையன் குதிக்கிறான். சுட்டதும், 'உலகத்துல நம்புறதுக்கு ஒருத்தன் இல்ல' என்கிறான்.

> 'நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீ' (1104). ஆகவே 'தண்ணெனல்'.

விலகினால் சுடும், நெருங்கினால் குளிரும் தீ என்கிற குறள் அபாரமாகப் பொருந்துகிறது. ஆனால் வரி திரையில் நிற்பது ஓரிரு நொடி. அதற்குள் லாரி டிரைவர் 'தண்ணெனல் உற்றேன்' என்று சொல்லி, பார்ப்பவருக்கும் புரிந்தாக வேண்டும். தண்ணிலிருந்து தண்ணளி, செந்தண்மை, அங்கிருந்து 'அந்தணர்' அம்+தண்ணா, அந்தம்+அணவுவதா என்று நேற்று இரவெல்லாம் ஓடியதைத் தயவுசெய்து தனி இழையாக்குங்கள்.

> அங்கேயும் அப்பா, அம்மாதானே? வேர் தமிழிலேயே கிடைக்கும்.

கொரியாவில் வாழ்ந்த அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதினார். அங்கேயும் புல் 'புல்'தான் என்பதில் எனக்கும் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. ஆனால் அந்த உறவை மொழியியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்குள் 'ஷிவொன்' என்பது சிவனேதான், நெற்றியில் தீ, தலையில் கங்கை, அதனால்தான் சூட்டிலும் குளிர்ச்சி என்று ஒருவர் எழுதிவிட்டார். ரசித்தேன், பட்டியலில் சேர்க்க முடியாது.

என் கட்சி இதுதான். தமிழில் திருப்தியைச் சொல்லும்போது ஏதாவது ஓர் உறுப்பு குளிரும்: வயிறு, கண், நெஞ்சு. கொரியரும், அடக்கி வைத்ததைக் கொட்டித் தீர்த்தபின் 'சோகி ஷிவொன்ஹாதா' என்பார்கள், உள்ளே குளிர்ந்தது என்று. அதனால் சூப்புக்கு 'வயிறு குளிர்ந்தது', கொட்டித் தீர்த்ததற்கு 'நெஞ்சு குளிர்ந்தது', முதுகு சொறிந்தால் வெறும் 'அப்பாடா'. விதியை மீறுகிறது, தெரியும். ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஓர் அப்பா 'ஷிவொன்-சொப்சொப்' என்கிற காட்சியும் இருக்கிறது. பாரம் இறங்கிய நிம்மதியும் வீடு வெறிச்சோடிய வருத்தமும் சேர்ந்தது அது. இதற்கும் சூப்புக்கும் ஒரே சொல் போடச் சொன்னவர்கள் தொடரைப் பார்த்தார்களா என்றே சந்தேகம்.

ஒன்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 'இதம்' போகட்டும் என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள், களைத்துப்போய்த்தான். 'இதம் வடமொழி ஹிதம், ஒப்பமாட்டேன், தண்ணின்பம் என்க' என்ற புலவர் ஐயாவின் மறுப்பைக் குறிப்புப் பத்தியில் அப்படியே போட்டிருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கிறது என்று சொல்லாத வீடு உண்டா என்று அவரிடம் கேட்டேன்; 'வழக்கு வேறு, தூய்மை வேறு' என்று பதில் வந்தது.

பாக்கி ஓர் இடம். அந்தத் தொடரின் கடைக்கார அம்மாளை எல்லோரும் 'ஷிவொன்ஷிவொன்' என்கிறார்கள்: மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் பேசுவார், கையும் தாராளம். 'இதமானவர்' என்றால் ஆளே மாறிவிடுகிறார். 'வெட்டு ஒன்று துண்டு இரண்டு' கடுமை, இந்த அம்மாளோ கலகலப்பு. இன்றிரவுக்குள் யாராவது ஏதாவது சொல்லுங்கள். சூப் பற்றி இனி வேண்டாம்.